பந்திக்கு முந்துவோர்

'பந்திக்கு முந்து' என்ற பழமொழியை அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல தம் சேர்க்கை விதியாகவே ஆக்கிவைத்திருக்கின்றன. 'எர்லி டிசிஷன்' என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலேயே, ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால் மற்றெல்லா விண்ணப்பங்களையும் விலக்கிக்கொண்டு அங்கேயே சேருவதாக மாணவரும் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வந்துவிடும்.

உண்மையாக விரும்புகிறவருக்கு முன்னுரிமை தருவதில் என்ன பிழை என்று இம்முறையின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். அந்த விருப்பத்துக்கு ஒரு விலை உண்டு. அதை எல்லோராலும் கொடுக்க இயலாது என்பதே பிழை. எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமைதான் அந்த விலை. வசதி படைத்த குடும்பம் தயங்காமல் கையொப்பமிடும். உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பம் ஜனவரிச் சுற்றுக்குக் காத்திருக்கும். உதவி போதாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது உண்மையே. ஆனால் ஒப்பிட வேறு கடிதம் கையில் இல்லாத நிலையில்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

முந்துவதன் பலன் சிறிதன்று. எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்கு அது நிகர் என்று கிறிஸ்டோபர் ஏவரியும் வேறு இருவரும் 2003-இல் வெளியிட்ட நூலில் காட்டினர். இதன் அநீதியைப் பல்கலைக்கழகங்களே அறியும். வசதியுள்ளோருக்கே இது மேலும் வசதி செய்கிறது என்று கூறி 2006-இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிட்டன. 2011-இல், கட்டாயம் இல்லாத வடிவில், இரண்டுமே அதைத் திரும்பக் கொண்டுவந்தன. இடைப்பட்ட காலத்தில் ஏழ்மை ஒழிந்துவிடவில்லை. மற்றவர்கள் பந்தியை விட்டு எழவில்லை, அவ்வளவுதான்.

இந்த விதிகளைக் கேள்வி கேட்க வேண்டிய நாமோ, நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் உள்ள நம் வீடுகளில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு 1570, உனக்கு ஏன் 1540? அவள் எங்கே முன்கூட்டி விண்ணப்பிக்கிறாள்? விளைவாக, பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாகப் படித்த தோழியிடமே தன் விண்ணப்பத்தை மறைக்கப் பதினேழு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

எல்லோரும் ஒரே ஏணியில் ஏறுகிறார்கள் என்ற நம்பிக்கையே இந்த ஒப்பீட்டின் அடிப்படை. அந்த ஏணி பொய். ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில், 2018-இல் விசாரணைக்கு வந்த ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அங்கு இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், நிர்வாகம் தனிக் கவனம் காட்டும் பட்டியலில் உள்ளோர் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்று கண்டனர். அதே வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான முன்னுரிமைக்குத் தடை விதித்தது. பரம்பரை முன்னுரிமையும் முந்துவோர் சலுகையும் அத்தீர்ப்புக்கு வெளியே நின்றன. நம் பிள்ளைக்குக் கிடைக்காத இடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் பறித்துவிட்டாள் என்று எண்ணுவது, பந்தியில் ஒதுக்கிவைத்த இலைகளைக் காணாமல், அருகில் நிற்பவரோடு முட்டிக்கொள்வதாகும்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒத்த திறனும் விழைவும் உள்ள மாணவர்களில் பெரும்பாலோருக்கு, புகழ் மிகுந்த கல்லூரியில் படித்ததால் மட்டும் பிற்கால வருவாய் கூடிவிடவில்லை. வறிய குடும்பத்துப் பிள்ளைகளே இதற்கு விலக்கு. அவர்கள் பயன் பெற்றார்கள். அதாவது, அந்த இடத்தால் வாழ்வு மாறக்கூடியவர் ஜனவரி வரை வாசலில் நிற்கிறார். அது இல்லாமலே வாழ்ந்துவிடக்கூடியவர் நவம்பரிலேயே இலையின் முன் அமர்ந்துவிடுகிறார்.

பிள்ளையைக் கட்டுப்படுத்தும் முன்சேர்க்கை ஒழிய வேண்டும். அது ஒழியும்வரை, பக்கத்து வீட்டு மதிப்பெண்ணை விசாரிப்பதையாவது நாம் நிறுத்தலாம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை.