வீட்டுக்காரர் வரலீங்களா?

2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பெண்ணின் பெயரில் வீடோ மனையோ விளைநிலமோ வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. சொத்தின் மதிப்பு 10 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெண்களின் சொத்துரிமைக்கு இது ஒரு படி என்று பலரும் வரவேற்றார்கள். அந்தப் படி எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்கலாம்.

10 லட்சத்தில் 1 விழுக்காடு 10 ஆயிரம் ரூபாய். வீட்டைக் காட்டிய தரகருக்குக் கொடுக்கும் கமிஷன் 1 விழுக்காடு, பல இடங்களில் 2. அரசு விட்டுக்கொடுத்ததை, ரசீதுகூட எழுதாமல் இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. 11 லட்சத்துக்கு வீடு வாங்குகிறவளோ இந்தக் கணக்கில் பெண்ணாகவே சேரவில்லை. பதிவாகும் பத்திரங்களில் முக்கால்வாசி இந்த வரம்புக்குள் வரும் என்றது அரசு. வரட்டும். பதிவாகும் மனைத் துண்டுகளில் முக்கால்வாசி என்பது, ஒரு பெண் குடியேறக்கூடிய வீடுகளில் முக்கால்வாசி ஆகாது. ஏற்காட்டில் நான் இரண்டு ஆண்டுகள் வீடு தேடினேன். ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர்வரை, பார்த்த வீடுகளில் ஒன்றுகூட 10 லட்சத்துக்குள் இல்லை.

வீடு வாங்குவதென்றால் எல்லோரும் மாதத் தவணையைப் பற்றியே பேசுகிறார்கள். பெண்ணை வாசலிலேயே நிறுத்துவது தவணை இல்லை, முதலில் எண்ணி வைக்கவேண்டிய பணம். பத்திர மதிப்பு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி அதிகபட்சம் 90 விழுக்காடு, அதாவது 27 லட்சம் தரலாம். மிச்சம் 3 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு: 2 லட்சத்து 70 ஆயிரம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடென்றால் இந்தச் செலவை வங்கி வீட்டின் விலையில் சேர்க்கக் கூடாது. தரகருக்கு 2 விழுக்காடு என்றால் 60 ஆயிரம். இதுவரை 6 லட்சத்து 30 ஆயிரம். வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரம் எழுதுபவர் எல்லாம் இனிமேல்தான். தவணை கட்டச் சம்பளம் போதும். இந்த முதல் பணத்துக்குச் சம்பளம் போதாது, கழுத்து வேண்டும்.

கழுத்து யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. மகனுக்கு மண், மகளுக்குப் பொன் என்று பிரித்த வீடுகள் நம்முடையவை. நிலத்தில் பங்கு கேட்ட மகளிடம் ‘உனக்குத்தான் நகை போட்டு அனுப்பினோமே’ என்றார்கள். அந்த நகை புகுந்த வீட்டில் என்ன ஆகிறது? வீடு வாங்கும்போது முன்பணமாகிறது. அடகுக் கடைக்குப் போன 20 பவுன் மண்ணாகித் திரும்பி வருகிறது, கணவனின் பெயரில். பிறந்த வீட்டில் மண்ணுக்குப் பதிலாகக் கொடுத்த பொன்னை, புகுந்த வீட்டில் மண்ணுக்காகவே கொடுத்துவிடுகிறாள். ஒரே சொத்தை ஒருத்தி இரண்டு முறை இழக்கும் ஏற்பாடு இது. சேலத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டின் முன்பணம் என் அம்மாவின் ஆரமும் ஆறு வளையலும். அந்த வீட்டுக்கு ஊரில் இன்றும் ‘வாத்தியார் வீடு’ என்றுதான் பெயர். வாத்தியார் என் அப்பா.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வெளிநாட்டில் சம்பாதித்த கணவன் வாங்கிய சொத்தில், வீட்டில் இருந்து குடும்பத்தைக் காத்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. அடுப்படி உழைப்பு சொத்தில் போட்ட முதலீடு என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பங்குக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

இனி தரகரிடம் வருவோம். நான் தமிழ் படித்துத் தமிழ் கற்பிப்பவள். சொல்லைக் கேட்டால் அதைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஏற்காட்டில் நான் சந்தித்த தரகர்கள் ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி, ‘வீட்டுக்காரர் வரலீங்களா?’ வீட்டை விற்பவர்தான் வரவேண்டிய வீட்டுக்காரர் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்டது என் கணவரை. நம் பேச்சில் கணவனுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஒரே சொல். மனைவி என்ற சொல்லுக்குள் மனை இருக்கிறது, அந்த மனைக்குப் பட்டா இல்லை. இல்லாள் என்றால் இல்லத்தை உடையவள் என்று வகுப்பில் பொருள் சொல்கிறேன். இல் என்றால் வீடு, இல் என்றால் இன்மை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இரண்டாவது பொருள்தான் செல்லுபடியாகிறது.

கணவர் வரமாட்டார், வாங்குவது நான்தான் என்று சொன்னபின் ஒரு தரகர் விலையை என்னிடம் சொல்லாமல், வண்டி ஓட்டிவந்த தம்பியிடம் சொன்னார். இன்னொருவர் ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ், ரொக்கமாக, இன்றைக்கே வேண்டும் என்றார். சென்னையிலிருந்து வேறு பார்ட்டி கிளம்பிவிட்டதாம். ரசீது கேட்டேன். ‘எல்லாம் நம்பிக்கைதாங்க மேடம்’ என்றார். வீட்டுக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்றேன். ‘சாரைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்’ என்றார். நான் கேட்ட கேள்விக்கு ஒரு ஆணின் காதில்தான் பதில் இருக்கிறது போலும்.

நம்பிக்கை என்ற சொல்லுக்குச் சட்டத்தில் என்ன இடம்? சொத்துக்கான முன்பணத்தை 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டம் 2015 முதல் சொல்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 முதல் சட்டம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுமான நிறுவனங்களுக்குத் தடை போட்டது. தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. ஆனால் அது அந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகும் புதிய திட்டங்களை விற்பவர்களுக்கு மட்டும். பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் தரகர் அதில் வரமாட்டார். சம்பளக்காரப் பெண்ணின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பழைய வீடு. அங்கே சட்டமும் வெளியே நிற்கிறது.

தரகர் ஆண்களையும்தான் ஏமாற்றுகிறார் என்பார்கள். உண்மை. ஏமாந்த ஆணை ஊர் ‘பாவம்’ என்கிறது. ஏமாந்த பெண்ணை ‘இதெல்லாம் உனக்கு எதுக்கு?’ என்கிறது. அவன் ஒரு லட்சத்தை இழக்கிறான்; அவள் அடுத்த முறை வீடு பார்க்கப் போகும் உரிமையையும் சேர்த்து இழக்கிறாள். தரகரும் ஏழைதானே என்பார்கள். மலையில் டீக்கடை வைத்துக்கொண்டும் ஜீப் ஓட்டிக்கொண்டும் இடம் காட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அலைச்சலுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். கூலி என்றால் ரசீதும் உண்டு. ரசீது இல்லாதது கூலி அல்ல.

வீடு தேடிய நாட்களில் எத்தனையோ பத்திரங்களைப் படித்தேன். சொத்தின் பழைய மூலப் பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்கிறோம். நான் படித்த தாய்ப்பத்திரங்களில் அப்பன், மகன், பேரன் பெயர்கள் வரிசையாக இருந்தன, தாயின் பெயர் இல்லை. பெண்களின் பெயர்கள் கொத்தாக வரும் ஓர் ஆவணம் மட்டும் உண்டு. அக்காவும் தங்கையும் தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை?

இதற்கு அரசு தரும் சலுகையைப் பாருங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 2023 முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10 ஆயிரம். கோடி ரூபாய்ப் பங்கை விட்டுக்கொடுத்தாலும் 50 ஆயிரத்தோடு முடிந்தது. அதே பெண் ஒரு வீடு வாங்கப் போனால் 9 விழுக்காடு, உச்சவரம்பு கிடையாது. பெண் சொத்தை விடுவது மலிவு, வாங்குவது விலை அதிகம். அப்பா மகளுக்கு எழுதும் தானசெட்டில்மெண்டுக்கும் இதே உச்சவரம்பு இருக்கிறது. எத்தனை அப்பாக்கள் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்?

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று, அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டு. 2005இல் நடுவண் சட்டம் வந்தது. ஆனால் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு அந்தச் சட்டமும் எட்டவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, நடுவண் அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு அது பொருந்தாது என்கிறது. இதைத் திருத்துவது பற்றிப் பரிசீலிக்கும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நடுவண் அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றும் சொன்னது. ஒவ்வொருத்தியும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போய்வர முடியுமா?

தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணின் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தொழிலாளிக்குக் குடியிருப்பு தரவேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951இல். அந்த லைன் வீடு வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. முப்பது வருடம் மெழுகிய தரை, ஓய்வுபெறும் நாளில் அவளுடையதில்லை. மலைக்காட்சி வீடு தேடி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவரும் என்னைப் போன்றவளின் உரிமையைப் பேசும் பெண்ணியம், இந்த இருவரையும் விட்டுவிட்டுப் பேசினால் அது வெறும் மனை விளம்பரம்.

ஆகவே கேட்கவேண்டியதைப் பெரிதாகவே கேட்போம். பெண் தன் பெயரில் வாங்கும் முதல் வீட்டுக்கு, 10 லட்ச வரம்பை நீக்கி, முத்திரைத் தீர்வையிலேயே குறைக்க வேண்டும். டெல்லியில் ஆணைவிடப் பெண்ணுக்கு முத்திரைத் தீர்வை 2 விழுக்காடு குறைவு. இங்கே ஏன் முடியாது? கணவன் வரிச் சலுகைக்காக மனைவி பெயரில் வாங்கிவிட்டு, மறுமாதமே அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வான் என்பார்கள். மகாராஷ்டிரம் 2021இல் இப்படி பயந்து, சலுகையில் வாங்கிய வீட்டைப் பெண் 15 ஆண்டுகளுக்கு ஆணுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது, பிறகு விலக்கிக்கொண்டது. அவள் கையைக் கட்ட வேண்டாம். எழுதி வாங்கிக்கொள்ளும் கணவனிடமிருந்து சலுகையை வட்டியோடு வசூலிக்கட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்ணை, அண்ணன்களை வெளியே நிறுத்திவிட்டு, சார்பதிவாளர் தனியாக விசாரிக்கட்டும். பழைய வீடு விற்கும் தரகருக்கும் பதிவு எண்ணும் ரசீதும் கட்டாயமாகட்டும். 2(2) பிரிவு திருத்தப்படட்டும். லைன் வீட்டில் வாழ்ந்து முடித்தவளுக்கு அரசு மனை கொடுக்கட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பவை சில. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே பார்க்கலாம்; தரகர் காட்டித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. முன்பணத்தை வங்கி வழியாக, விற்பவர் கணக்கிலேயே போடலாம். கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை வீடு பார்க்கும் முன்பே எழுதி வாங்கலாம். பதிவு முடிந்தபின் தருவேன் என்று சொல்லலாம். நகை அடகுக்குப் போகிறதென்றால், அடகு ரசீதில் இருக்கும் பெயர் கிரயப் பத்திரத்திலும் இருக்கவேண்டும் என்று வீட்டில் பேசலாம். இந்தக் கடைசிப் பேச்சுதான் கடினம். வங்கியிலும் தரகரிடமும் பேசிவிடலாம், சாப்பாட்டு மேசையில் பேசுவது அத்தனை எளிதில்லை. இருந்தாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். கழற்றிக் கொடுப்பதற்கு முன் பேச வேண்டும். கழற்றிக் கொடுத்தபின் பேசினால் அதற்குப் பெயர் சண்டை.