தோளில் கட்டியா? நீவாதீர்கள்!

விடியக்காலையில் கம்பம், போடி பக்கம் போய் நின்று பாருங்கள். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். யாரைக் கேட்டாலும் "தோள்பட்டை வலி" என்பார்கள். மூட்டை தூக்கினால் வலிக்கத்தானே செய்யும் என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு மறுநாளும் ஜீப் ஏறுகிறார்கள்.

பெரும்பாலும் அது சுளுக்குதான். ஆனால் தோளின் பின்பக்கம் முக்கோணமாகத் தட்டையாக இருக்கிறதே ஓர் எலும்பு, அபூர்வமாகச் சிலருக்கு அதில் புற்றுக்கட்டி வரும். ஈவிங் சார்கோமா என்ற வகை சின்னப் பிள்ளைகளையும் வாலிபப் பிள்ளைகளையும்தான் அதிகம் பிடிக்கிறது. அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுவதும், கட்டுப் போடுவதும், எக்ஸ்ரே பார்க்காமல் ஊசி குத்தி அனுப்புவதும் இங்கே சர்வ சாதாரணம். நீவ நீவ நாள் போகும். கட்டி வளரும்.

அந்தக் காலத்தில் தோளோடு சேர்த்துக் கையையே எடுத்துவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. கெட்ட எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்கேன் பார்த்து அதே அளவுக்கு உலோகத்தில் செய்த எலும்பைப் பொருத்த முடிகிறது. கூடவே கட்டியின் வகைக்கு ஏற்ப மருந்தும் ஏற்றுவார்கள். முழங்கால், இடுப்பு, தோள் எலும்புகளுக்கு ஆளுக்குத் தகுந்தாற்போல் உலோக எலும்பை உள்நாட்டிலேயே செய்து வைத்து, கை கால்களைக் காப்பாற்றும் வைத்தியத்தில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007-ல் பத்மஸ்ரீ வாங்கியவர்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பட்டை எலும்பை மாற்றினால் கையைத் தலைக்கு மேலே தூக்குவது கஷ்டம். மூட்டை தூக்கும் வேலைக்கு முழுக்குதான். ஆனால் முழங்கையும் விரலும் பிழைக்கும். சோறு பிசையலாம், எழுதலாம், கல்லாவில் சில்லறை எண்ணலாம். கை இருக்கிறதே சார், அது போதாதா?

அதுவும் சீக்கிரம் போனால்தான். உலோக எலும்பைப் போர்த்தி நிறுத்தச் சதை வேண்டும். கைக்குப் போகும் பெரிய நரம்பையும் ரத்தக் குழாயையும் கட்டி சுற்றிக்கொண்ட பிறகு போனால் டாக்டர் என்ன செய்வார்? கண்ட இடத்தில் கட்டியைக் கீறவும் விடாதீர்கள். சோதனைக்குச் சதை எடுக்கும் ஊசியைக்கூட, ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் சொல்கிற இடத்தில்தான் குத்த வேண்டும்.

எக்ஸ்ரேக்கு மெட்ராஸ் போக வேண்டியதில்லை. க.விலக்கில் 2004-ல் வந்த தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேல்சிகிச்சைக்குப் போடியில் இருந்து சென்னைக்கு 2023 ஜூன் முதல் ரயிலும் ஓடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் துணைக்குப் போகிறவரின் கூலியும் சாப்பாட்டுச் செலவும் எந்த அட்டையிலும் வராது. பலர் ஊரோடு தங்கிவிடுவது அதனால்தான். அதற்கு வழி செய்யச் சொல்லித்தான் கேட்கிறோம்.

இன்னொன்று, செலவே இல்லாத வேலை. பஸ் ஸ்டாண்டிலும் ஜீப் நிற்கும் இடத்திலும் சுகாதாரத் துறை ஒரு போர்டு வைக்கட்டும். 'ராத்திரி தூங்கவிடாத வலியா? வளருகிற கட்டியா? நீவாதே, எக்ஸ்ரே எடு' என்று பெரிய எழுத்தில் எழுதட்டும்.