பாம்பு வளர்ப்பவர்கள் முதலில் மூடியைப் பார்க்க வேண்டும்

ரொறொன்ரோவில் பாம்பு வளர்க்கும் தமிழ்ப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. அவளிடம் இருப்பது கோர்ன் ஸ்னேக்; நஞ்சில்லாதது, ஐந்தடியைத் தாண்டுவது அரிது. மூன்று மீற்றருக்கு மேல் வளரும் இனங்களையும் நச்சுப் பாம்புகளையும் இந்த நகரம் தடைசெய்திருக்கிறது. இதற்குத் தடையில்லை.

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், "இதைப் போய் உடுப்புப் போடுற பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளயா வச்சிருக்கிறியள்?" என்று கேட்கிறார்கள். காசைப் பார்த்துக் கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டோம் என்று நினைக்கிறார்கள். மூடியைப் பார்த்துத்தான் விட்டோம்.

2009இல் புளோரிடாவின் ஒக்ஸ்போர்ட் என்ற ஊரில், வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு இரவில் வெளியேறி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அதன் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது ஒரு போர்வை. 2013இல் நம் நாட்டிலேயே, நியூ பிரன்ஸ்விக்கின் கம்பல்ரனில், ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்று காற்றுப்போக்கிக் குழாய் வழியே போய், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. கோர்ன் ஸ்னேக் ஆளைக் கொல்லாது. ஆனால் அடுக்குமாடியில் அது தப்பினால் சுவருக்குள் புகுந்து குளிரிலோ பசியிலோ சாகும், அல்லது பக்கத்து வீட்டு ஆச்சியின் குளியலறையில் தலைகாட்டும். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

பெட்டியை எப்படித் தெரிவுசெய்வது? அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பொலிபுரொப்பிலீன் பெட்டி நல்லது. பக்கத்துக்குப் பக்கம் கொளுவி இருக்க வேண்டும். இரண்டு முனைகளில் மட்டும் கொளுவி இருந்தால், நீளப்பக்கத்தின் நடுவில் மூடி வளைந்துகொடுக்கும். பாம்பு மூக்கால் தேடிப் பார்த்துத் தள்ளுவது அந்த இடத்தைத்தான். தலை நுழைந்தால் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். காற்றுத் துளைகளும் அப்படித்தான், தலையைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும். பெட்டி வெறுமையாக இருக்கும்போதே உள்ளிருந்து வெளியே துளையிடுங்கள். பிசிறு வெளிப்புறம் நிற்கும், மூக்கு உரசாது. சூட்டு விரிப்பைப் பெட்டியின் அடியில், வெளியே, மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். சூடான பக்கம் 30 பாகை செல்சியஸ், மற்றப் பக்கம் 24 அளவில் இருந்தால் போதும். தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டு விரிப்பைச் செருகவே கூடாது. பாம்பும் வேகும், பெட்டியும் இளகும். இரண்டு பக்கமும் ஒளிய ஒவ்வொரு மறைவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். பெட்டியும் மூடியை இறுக்கும் கிளிப்புகளும் கண்ணாடித் தொட்டி விலையில் சிறு பங்குதான்.

பிளாஸ்டிக் பெட்டி பாம்புக்குச் சிறை என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வளர்ந்த பாம்பைச் சப்பாத்துப் பெட்டி அளவில் அடைப்பதை நானும் ஏற்கமாட்டேன். அது உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். பாம்பு வளர வளரப் பெட்டியும் பெரிதாக வேண்டும். ஆனால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விழும் கண்ணாடித் தொட்டியைவிட, இருண்டு இறுகிய பெட்டியில் எங்கள் பாம்பு நன்றாகச் சாப்பிடுகிறது.

பிள்ளை பாம்பு கேட்டால், பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் வாங்கி ஒரு வாரம் வெறுமையாக ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இன்றிரவே மூடியின் நீளப்பக்க நடுவை விரலால் தூக்கிப் பாருங்கள். அசைந்தால், நாளைக்கு வேலைக்குப் போகுமுன் இரண்டு கிளிப் போடுங்கள்.