காரைத் தாழ்த்தும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், காருக்கு காயில் ஓவர் போடலாம்னு இருக்கேன். நம்ம ரோட்டுக்கு எது சார் சரிப்படும்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்து அரைமணி நேரம் ஓடிவிட்டது. இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டுகிற குடும்பக் காருக்கு காயில் ஓவர் வேண்டாம். போட்டே தீருவேன் என்பவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும், போட்ட பிறகு தொந்தரவு வந்தால் எங்கே தேட வேண்டும் என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஷாக் அப்சார்பரின் உடம்பில் மரை வெட்டி, அதன்மேல் காயில் ஸ்பிரிங்கை மாட்டி, அடியில் ஒரு வளைய நட்டு போட்டிருப்பார்கள். அதைத் திருகி வண்டியின் உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். மேலே ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் ஷாக்கின் இறுக்கம் மாறும். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இது தேவையான பொருள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி வழவழப்பான தடத்தில் வளைவில் கார் சாயாமல் போக உதவும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகிற ரோட்டுக்கு அது எப்படி என்பதுதான் நம் கேள்வி.

இதை எங்கள் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டோம். என் அண்ணன் மகனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவன் தன் ஹேட்ச்பேக் காருக்கு காயில் ஓவர் போட்டு, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் இறக்கியிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் ஏறி உட்கார்ந்த மதினி, "என்னடா, ஆடிப்பூரத் தேர்ல ஏத்திவிட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். அப்போது நானும் சிரித்தேன். உண்மையில் மதினி சொன்னது சரியான இயற்பியல். தேருக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் வாங்குகிற அடி அப்படியே மேலே போகும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பினார்கள். வண்டியில் ஐந்து பேர். மதினி பின்சீட்டில். வெள்ளைக்கோடு இல்லாத ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. பின்பக்கம் "டமார்" என்று அடித்தது. மதினிக்கு அந்த நிமிடமே இடுப்புக்கு மேலே வலி. மறுநாள் மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, எலும்பு மெலிந்திருந்தால் இந்த மாதிரி ஒரு அடியே போதும் என்றார் டாக்டர். மூன்று மாதம் பெல்ட், படுக்கை. இப்போது நன்றாக நடக்கிறார்கள். ஆனால் கீழே உட்கார முடிவதில்லை.

என் அண்ணன் மகன் அன்றிலிருந்து ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "சித்தப்பா, நான் மெதுவாத்தான் வந்தேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது பொய் இல்லை. தப்பு வேகத்தில் மட்டும் இல்லை.

ஹூக் விதி ஞாபகம் இருக்கிறதா? விசை நீட்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கணக்குக்காக, முன்சக்கரம் ஒன்றின்மேல் 250 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ வேண்டும் என்றால், அது 125 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். காயில் ஓவரில் 6 கிலோ ஸ்பிரிங் போட்டால் 42 மில்லிமீட்டர்தான் அமுங்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் விரிந்து அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும் அல்லவா? விறைப்பான ஸ்பிரிங் 42 மில்லிமீட்டர் விரிந்ததுமே அதன் விசை தீர்ந்துவிடும். அதற்குமேல் ஆழமான பள்ளம் என்றால் பிடிமானம் போய்விடும்.

அடுத்தது அலைவெண். மேலே சொன்ன கம்பெனி ஸ்பிரிங்கில் வண்டி நொடிக்கு 1.4 தடவை ஆடும். 6 கிலோ ஸ்பிரிங்கில் 2.4 தடவை ஆடும். விறைப்பு மூன்று மடங்கானால் அலைவெண் மூன்றின் வர்க்கமூலம், அதாவது 1.73 மடங்கு கூடும். ஒரு ஸ்பிரிங் தன் அலைவெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேற்பட்ட குலுக்கலைத்தான் குறைக்கும். கம்பெனி ஸ்பிரிங் நொடிக்கு 2 குலுக்கலில் இருந்தே வடிகட்ட ஆரம்பிக்கிறது. விறைப்பானது ஏறக்குறைய 3.5-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான குலுக்கலை அதிகம் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரை. நம் உடம்புக்கு ஆகாத குலுக்கல் ஆரம்பிக்கிற இடத்தில்தான் அந்த ஸ்பிரிங் வேலையையே தொடங்குகிறது.

சாலை விதிப்படி நம் நாட்டில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கான அளவு அது. நம் தெருக்களில் இருப்பவை எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். பல ஹேட்ச்பேக் கார்களுக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 16, 17 சென்டிமீட்டர்தான். அதில் 4-ஐக் குறைத்து, ஐந்து பேரையும் ஏற்றினால் என்ன மிஞ்சும்?

வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஜாக்கி போட்டுப் பார்த்தோம். நானும் கூடவே இருந்தேன். பின் ஷாக்கின் தண்டில் இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப் ரப்பர் பாதி வெட்டப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறக்குவதற்காக மாட்டியவர்கள் செய்த வேலை. ஷாக் முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். ஐந்து பேர் எடையில் மிச்சமிருந்த தூரமும் தீர்ந்து, வேகத்தடையில் இரும்போடு இரும்பு அடித்திருக்கிறது. அந்த அடியைத்தான் மதினியின் முதுகு வாங்கியது.

இனி, போட்டே தீருவேன் என்பவர்களுக்கு.

முதலில் பழைய ஷாக், புஷ், மவுண்ட், டயர் ஆகியவற்றைப் பாருங்கள். 70, 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அலைபாய்கிறது என்றால் பெரும்பாலும் ஷாக் தேய்ந்திருக்கும். கம்பெனி ஷாக்கைப் புதிதாக மாற்றினாலே பலருக்கு ஆசை தீர்ந்துவிடும்.

வாங்கும்போது எவ்வளவு இறங்கும் என்று கேட்காதீர்கள். ஸ்பிரிங் எத்தனை கிலோ, ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கும், உதிரி கிடைக்குமா, ஷாக்கைப் பிரித்து ஆயில் சீல் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஸ்பிரிங் தட்டை மட்டும் திருகி இறக்கும் வகையில், இறக்க இறக்க அமுங்கும் தூரம் குறையும். அடி பிராக்கெட்டையும் தனியாகத் திருகும் வகையில் அந்தத் தூரம் அப்படியே இருக்கும். நம் ஊருக்கு இரண்டாவதுதான் தேவலாம். மேல் மவுண்ட் ரப்பரில் இருக்கட்டும். இரும்புக் குண்டு மவுண்ட் ரேஸுக்குச் சரி, தினசரி ஓட்டத்தில் சீக்கிரம் சத்தம் போடும். குமிழைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். ஸ்பிரிங் அதேதான். ஷாக் அதைக் கட்டுப்படுத்துவது குறைந்து வண்டி குதிக்கும்.

போட்ட பிறகு தொந்தரவு வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்:

1. சின்ன மேட்டில் "கட கட" சத்தம்: வளைய நட்டு தளர்ந்திருக்கலாம், மேல் நட்டு தளர்ந்திருக்கலாம், லிங்க் ராட் போயிருக்கலாம். வண்டியை இறக்கினால் லிங்க் ராடின் கோணம் மாறும். அதற்குத் தகுந்த நீளத்தில் மாற்ற வேண்டும்.

2. ஸ்டியரிங் திருப்பும்போது "டங்" என்ற சத்தம்: மேல் மவுண்ட் பேரிங், அல்லது ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காமல் முறுக்கிக்கொள்வது.

3. சில மாதத்தில் புஷ் கிழிவது: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுக்க இறுக்கியிருப்பார்கள். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும்.

4. ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்ஓரம் தேய்வது: சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்தில் இருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து இடதும் வலதும் ஒன்றா என்று பாருங்கள். அதன்பிறகு அலைன்மென்ட். உயரம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் உண்டு.

5. ஷாக் தண்டில் ஆயில் கசிவு: சீல் போய்விட்டது. குமிழைத் திருகிப் பயனில்லை.

6. பின்பக்கம் "டமார்": வண்டியை ஓட்டாதீர்கள். பம்ப் ஸ்டாப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உயரத்தை ஏற்றுங்கள்.

போட்டு 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும், ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்றும் பாருங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காயில் ஓவர் இதில் வராது என்று நீங்கள் வாதாடலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் நின்று வாதாட வேண்டியிருக்கும்.

எங்கள் வண்டிக்குப் புதுக் கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டாகிவிட்டது. பழையதை அவன் விற்றுவிட்டிருந்தான், அதனால் இன்னொரு செலவு. நீங்கள் மாற்றினாலும் கழற்றியதைப் பரணில் போட்டு வையுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அதே கிட் போட்ட நண்பரின் காரில் ஐந்து பேராக ஏறி, நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து ராஜபாளையம் வரை ஒரு தடவை போய்வாருங்கள். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், வேகத்தடை வருவதும் அவருக்கு முன்னாலேயே தெரியும். பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது தெரியாது. இறங்கிய பிறகும் ஆசை இருந்தால் எனக்குப் போன் போடுங்கள். திட்டமாட்டேன், கூடவே வந்து பம்ப் ஸ்டாப் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்