பீர் ஆலைகள் பெருகின. பார்லி விவசாயிக்கு என்ன கிடைத்தது?

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் நியூயார்க் மாநிலத்தில் விவசாயம் பெரிய தொழில். ஆப்பிள் விளைச்சலில் அமெரிக்காவிலேயே வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அங்கே 2012க்குப் பிறகு சிறு பீர் ஆலைகளும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து சைடர் என்ற பானம் தயாரிக்கும் கூடங்களும் மளமளவென்று பெருகின. 2012ல் நூறுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள் 2018ல் நானூறைத் தாண்டி, 1876ல் இருந்த 393 என்ற பழைய உச்சத்தையும் மிஞ்சின. குடி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. இத்தனை ஆலைகளால் நிலத்தில் பாடுபடுபவனுக்கு என்ன கிடைத்தது என்பதே இங்கு கேள்வி.

சிறு ஆலை பீருக்கு அப்போது அமெரிக்கா முழுவதுமே மவுசு இருந்தது. நியூயார்க்கில் அதோடு ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது. 2012ல் இயற்றப்பட்டு 2013 ஜனவரியில் அமலுக்கு வந்த 'பண்ணை பீர் ஆலை' சட்டம் அது. இந்த உரிமம் பெற்றவர் தம் இடத்திலேயே பீரைக் கோப்பையில் ஊற்றி விற்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வாங்கும் ஹாப்ஸிலும் மற்ற மூலப்பொருள்களிலும் 20 சதவிகிதமாவது அந்த மாநிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். 2019 முதல் இது 60 சதவிகிதம் ஆயிற்று. அடுத்த படி 90 என்றும் சட்டத்தில் எழுதப்பட்டது. 2014ல் வந்த பண்ணை சைடர் உரிமத்துக்கோ முழுக்க முழுக்க உள்மாநில ஆப்பிள்தான். 1976லேயே திராட்சை விவசாயிகள் தாங்களே ஒயின் தயாரித்து விற்க வழிசெய்த சட்டம் ஒன்று அங்கே உண்டு. அதன் வழியிலேயே இவை வந்தன.

எடுத்த எடுப்பில் 20 சதவிகிதம் என்று வைத்தது புத்திசாலித்தனம். ஏனெனில் அப்போது மாநிலத்தில் வாங்குவதற்குச் சரக்கே இல்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே அதிகம் விளைவித்தது நியூயார்க்தான். அடிச்சாம்பல் போன்ற நோய்களும், 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கும் அந்தச் சாகுபடியை அழித்துவிட்டன. பயிர் வறண்ட யாக்கிமா பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது.

சட்டத்தை நம்பிப் பலர் மீண்டும் ஹாப்ஸ் நட்டார்கள். 18 அடி உயரக் கம்பங்கள், கம்பி, கயிறு என்று பந்தலுக்கே பெருந்தொகை செலவு. முழு மகசூல் மூன்றாம் ஆண்டில்தான். ஒரு கொடியின் காய்களைக் கையால் பறிக்க ஒரு மணி நேரம் ஆகும். மல்லிகை பறிப்பவர்களுக்கு இதன் கூலிக் கணக்கு சொல்லாமலே விளங்கும். பறித்ததை உடனே உலர்த்தி, அரைத்து, குச்சியாக அழுத்தித் தராவிட்டால் ஆலைக்காரர் வாங்குவது அரிது. இதற்கும் மேல் ஒரு இடி. குடிப்பவர்கள் விரும்பிக் கேட்ட சிட்ரா, மொசைக் போன்ற ரகங்கள் தனியார் காப்புரிமையில் இருப்பவை. நினைத்தவர் நட முடியாது. 1972ல் அரசு ஆராய்ச்சியில் வெளிவந்த கேஸ்கேட் போன்ற பழைய பொது ரகங்களே சிறு விவசாயிக்குக் கிடைத்தன; அவற்றை யாக்கிமாவின் பெரிய பண்ணைகள் மலிவாகத் தந்துகொண்டிருந்தன.

பார்லியின் கதை வேறு விதம். பீருக்கான பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்க வேண்டும். ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மணியாவது முளைக்க வேண்டும், புரதம் மிகக்கூடாது, கதிரில் பூஞ்சணம் விடும் நச்சு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் மணி கதிரிலேயே முளைத்துவிடும். நியூயார்க்கோ ஈரப்பதம் மிகுந்த மாநிலம். மால்ட் கூடம் திருப்பியனுப்பினால் மிஞ்சுவது மாட்டுத் தீவன விலைதான். ஆலை வாசலில் கழிவு பிடிப்பதைக் கண்ட தமிழகக் கரும்பு விவசாயிக்கு இந்த வயிற்றெரிச்சல் புதிதல்ல. ஆரம்பத்தில் மால்ட் கூடங்களும் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவே. சட்டம் விவசாயியையும் ஆலையையும் நினைத்தது. நடுவில் இருக்க வேண்டிய உலர்களத்தையும் மால்ட் கூடத்தையும் முதலில் நினைத்திருக்க வேண்டும்.

உண்மையில் லாபம் கண்டவர்கள் ஆப்பிள் விவசாயிகளே. சைடருக்குப் புதிதாக எதையும் நட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆலங்கட்டி அடித்து வடுப்பட்ட பழம், அளவில் சிறுத்த பழம், சாறு ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போன பழம் எல்லாமே சைடருக்கு ஆகும். தோட்டத்திலேயே பிழிந்து, புளிக்கவைத்து, வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தால் இடையில் தரகர் இல்லை. டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் என்ற துவர்ப்பு ரகங்களுக்கு நல்ல விலை உண்டென்று சிலர் நட்டதும் உண்டு. அவை காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும், கருகல் நோயும் எளிதில் தாக்கும். எனினும் 2012ல் மார்ச் வெயிலில் முன்கூட்டியே பூத்து, ஏப்ரல் உறைபனியில் மாநிலத்தின் ஆப்பிளில் ஏறக்குறைய பாதி கருகியதே, அப்படிப்பட்ட ஆண்டு சைடர்காரரின் கழுத்தையும் பிடிக்கும்.

சட்டத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. நிபந்தனை பண்ணை உரிமம் பெற்றவர்களை மட்டுமே கட்டும். சாதாரண உரிமத்தில் நடக்கும் ஆலை, எங்கிருந்து வேண்டுமானாலும் மால்ட்டும் ஹாப்ஸும் தருவிக்கலாம். எனவே ஆலைகளின் எண்ணிக்கையைப் பார்த்து விதைத்தவர் ஏமாந்திருக்கவே வாய்ப்பு. பண்ணை உரிமம் பெற்ற ஆலைகள் எத்தனை, அவை எத்தனை டன் வாங்கும் என்பதே பார்க்க வேண்டிய கணக்கு.

இப்போது அந்த மவுசும் குறைந்திருக்கிறது. 2024ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த சிறு ஆலைகளைவிட மூடியவை அதிகம். யாக்கிமாவிலேயே ஹாப்ஸ் பரப்பைக் குறைத்தார்கள். ஆலை மூடினால் ஆப்பிள்காரர் பழத்தைச் சந்தைக்கு அனுப்புவார். பார்லிக்காரர் அடுத்த பருவத்தில் மக்காச்சோளமோ சோயாவோ விதைப்பார். ஹாப்ஸ் பந்தல் போட்டவருக்குத்தான், கம்பத்தைப் பிடுங்கவும் மறுபடி செலவு.