கதையைத் தொலைத்தவரின் கதை!

ஒரு பெரிய ஹிட் கொடுத்த இயக்குநரைத் தூங்கவிடாத கேள்வி, 'அடுத்து என்ன?' என்பதுதான். இத்தாலிய இயக்குநர் ஃபெடரிகோ ஃபெலினியையும் அது விடவில்லை. 1960-ல் வெளியான 'லா டோல்சே விட்டா' அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்திருந்தது. அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் ரெடி. ஹீரோ மார்செலோ மாஸ்ட்ரோயானி ரெடி. ரோம் நகரின் சினிசித்தா ஸ்டுடியோவில் வேலைகள்கூட ஆரம்பமாகிவிட்டன. கதை மட்டும் இல்லை!

வேறு வழி தெரியாமல், 'படத்தைக் கைவிடுகிறேன்' என்று தயாரிப்பாளர் ஏஞ்சலோ ரிஸோலிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார் ஃபெலினி. பாதிக் கடிதத்தில் வெளியே இருந்து அழைப்பு வந்தது. படக்குழுத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தநாள். எல்லோரும் கோப்பையை உயர்த்தி, அந்தத் தொழிலாளியோடு சேர்த்துப் புதுப் படத்தையும் வாழ்த்தினார்கள். தன்னை நம்பி நிற்கும் அந்த முகங்களைப் பார்த்ததும் ஃபெலினிக்கு அவமானமாகிவிட்டது. அந்த அவமானத்தில்தான் பொறி தட்டியது. 'என்ன படம் எடுப்பது என்றே தெரியாத ஓர் இயக்குநர்... இதுதான் கதை!' பின்னாளில் ஃபெலினியே சொன்ன சம்பவம் இது.

அப்படிப் பிறந்த படம்தான் 1963-ல் வெளியான '8½'. அதற்கு முன்பு அவர் எடுத்தவை ஆறு முழுப் படங்கள், இரண்டு குறும்படங்கள், இன்னோர் இயக்குநரோடு சேர்ந்து எடுத்த ஒரு படம். குறும்படங்களையும் கூட்டுப் படத்தையும் தலா அரை என்று கணக்குப் போட்டால் ஏழரை. ஆக, இது எட்டரை!

படத்தின் நாயகன் கைடோ. உடம்பைத் தேற்றிக்கொள்ள ஊற்று நீர் விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறான். தயாரிப்பாளர், எழுத்தாளர், நடிகைகள், காதலி, மனைவி லூயிசா என எல்லோரும் அங்கேயே வந்துவிடுகிறார்கள். படத்துக்காக ராக்கெட் ஏவுதளம் ஒன்று பிரமாண்டமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் மழுப்பலான பதிலையே சொல்லிவிட்டு, சின்ன வயது நினைவுகளுக்குள்ளும் பகல் கனவுகளுக்குள்ளும் ஓடி ஒளிகிறான் கைடோ. எது நிஜம், எது கனவு என்று படம் அறிவிப்பதே இல்லை. முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தலை கொஞ்சம் சுற்றும். ஆனால், 'இந்தக் காட்சியில் கைடோ எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான்?' என்று கேட்டுக்கொண்டே பார்த்தால், முடிச்சுகள் அவிழும்.

படத்தின் உயிர், ஒரு தியேட்டர் காட்சி. நடிகைகளின் டெஸ்ட் காட்சிகள் திரையில் ஓடுகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும் லூயிசாவுக்கு அதிர்ச்சி. அங்கே ஓடுவது அவள் வாழ்க்கை! தன் வீட்டுச் சண்டையையும் மனைவியின் வேதனையையும் எடுத்து வசனமாக்கியிருக்கிறான் கணவன். பொய்யே இல்லாத ஒரு படம் எடுக்க ஆசைப்படும் அவன், வீட்டில் பேசுவதெல்லாம் பொய். லூயிசா எழுந்து போய்விடுகிறாள். கைடோவிடம் வற்றிப்போனது கற்பனை அல்ல, நேர்மை என்பது அங்கேதான் நமக்குப் புரிகிறது.

பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொள்ளும்போது கைடோ மேஜைக்கு அடியில் தவழ்ந்து ஒளிகிறான். படம் நின்றுபோகிறது. ராக்கெட் தளத்தைப் பிரிக்கிறார்கள். எல்லாம் போன பிறகுதான் குழப்பமும் தன்னில் ஒரு பகுதி என்று ஒப்புக்கொள்கிறான். தன்னை இப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா என்று மனைவியிடம் கேட்கிறான். அவள் உடனே மன்னித்துவிடவில்லை. முயற்சி செய்யலாம் என்கிறாள், அவ்வளவுதான். அவன் வாழ்க்கையில் வந்துபோன அத்தனை பேரும் கைகோத்து வட்டமாக வருகிறார்கள். நினோ ரோட்டாவின் சர்க்கஸ் இசை துள்ளுகிறது.

சிறந்த வெளிநாட்டு மொழிப் படம், சிறந்த ஆடை வடிவமைப்பு என இரண்டு ஆஸ்கர்களை வென்றது '8½'. படப்பிடிப்பின்போது ஃபெலினி தன் கேமராவில் ஒரு சீட்டு ஒட்டிவைத்திருந்தாராம். 'இது காமெடிப் படம், மறந்துவிடாதே' என்று!

கைடோ மேஜைக்கு அடியில் ஒளிந்தான். ஃபெலினியோ, 'எனக்குத் தெரியவில்லை' என்பதையே படமாக எடுத்துவிட்டார்.