கைடு கிடைச்சா காசு இல்லை! பிஎச்.டி. இடம் தேடி அலையும் எம்.எஸ்சி. மாணவர்கள்

கூலி வேலை பார்த்து பிள்ளையை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தாயிற்று. அடுத்து பெயருக்கு முன்னால் "டாக்டர்" போட ஆசை. ஆனால் பல்கலைக்கழக வாசலில் கேட்கும் முதல் கேள்வியே, "கைடு யாரு?" என்பதுதான்.

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்குத்தான் கைடாக இருக்கலாம். இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர். இது 2022-ல் யு.ஜி.சி. போட்ட விதி. ஓய்வு பெற 3 வருஷம்கூட இல்லாதவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. சேர்ந்தவர் வெளியே வர குறைந்தது 3 வருஷம். இழுத்தடித்தால் 6 வருஷம். அதுவரை அந்த இடம் காலியாகாது. ரிட்டயர்டு ஆன பேராசிரியர் இடத்தை நிரப்பாமல் போட்டு வைத்தால், ஒரு வேலையோடு 8 ஆராய்ச்சி இடமும் சேர்ந்து போச்சு. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

37 ஆயிரமா, பூஜ்யமா?

சரி, கைடு கிடைத்துவிட்டார். சாப்பாட்டுக்கு என்ன வழி? சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கியவருக்குக் கவலை இல்லை. 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37 ஆயிரம் ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2 வருஷம் கழித்து 42 ஆயிரம். அது இல்லாதவருக்கு மத்திய பல்கலைக்கழகம் என்றால் 8 ஆயிரம். சித்தாள் வேலைக்குப் போனாலே இதைவிட அதிகம் கிடைக்கும்! மாநிலப் பல்கலைக்கழகத்தில் பலருக்கு அதுவும் கிடையாது, பீஸ் வேறு கட்ட வேண்டும். ஒரே லேபில் பக்கத்து பக்கத்து மேஜையில் ஒருவருக்கு 37 ஆயிரம், இன்னொருவருக்கு பூஜ்யம்.

அந்த நெட் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை அங்கேயே பாதி திணறிப்போகும். 2024-ல் ஜூன் 25-ந்தேதி தொடங்க வேண்டிய தேர்வை 4 நாள் முன்னால் தள்ளி வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துதான் நடந்தது.

அதே 2024-ல் இன்னொரு மாற்றமும் வந்தது. ஜே.ஆர்.எப். கிடைக்காதவர்களும் நெட் மார்க்கை வைத்து பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். மார்க்குக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் அந்த மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் கைடு சிக்காவிட்டால் மறுபடி பரீட்சை!

விவரம் தெரிந்தவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, கைடிடம் இடம் காலியா என்று நேரில் கேட்டு விடுகிறார்கள். அவரிடம் ஏற்கனவே இருக்கும் மாணவர்களிடமும் விசாரிக்கிறார்கள். எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், லேபில் கெமிக்கல் ஒழுங்காக வருகிறதா, கைடு வீட்டு வேலை பார்க்கச் சொல்கிறாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆதி திராவிடர், பழங்குடி மாணவர்கள் முழுநேர பிஎச்.டி.யில் சேர்ந்தால் தமிழக அரசின் உதவித்தொகை வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உண்டு. இது தெரியாமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு புராஜெக்ட் வேலைதான் கதி. மத்திய அரசு பணத்தில் நடக்கும் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள், மாதச் சம்பளமும் உண்டு. திட்டம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. அந்த நேர்காணலுக்குப் போய் வர பஸ் காசுகூட பெரும்பாலும் தர மாட்டார்கள். அறிவிப்பின் கடைசி வரியிலேயே அதைப் போட்டு விடுகிறார்கள்.